பதினோராவது கேள்வி

நாற்பத்தொரு படிவங்கள் வந்தன. நாற்பதில் இருபதுக்கு இருபது. ஏழாவது கேள்வியில் அத்தனை பேரும் ஒரே இடத்தில் டிக் போட்டு, அடித்து, பக்கத்தில் திருத்தியிருந்தார்கள். ஒருவரைப் பார்த்து எல்லோரும் எழுதியிருந்தார்கள். அடித்தலைக்கூட விடவில்லை.

எச்ஐவி உள்ளவர்களைக் கவனிக்க மருத்துவமனை ஊழியர்களுக்கு என்ன பயிற்சி தேவை என்று கண்டறிவது என் வேலை. கேள்விகளை எழுதியவன் நான். மதிப்பெண் குறைந்தால் அந்த வார்டுக்கு மூன்று நாள் பயிற்சி. நிறைந்தால் ஒரு பாராட்டுக் கடிதம்.

நாற்பத்தொன்றாவது படிவம் வார்டு ஆயாவுடையது. பன்னிரண்டு தவறு. பதினோராவது கேள்வி: ‘எச்ஐவி உள்ளவர் குடித்த டம்ளரில் நீங்கள் குடிக்கலாமா?’ அவர் எந்தக் கட்டத்திலும் டிக் போடவில்லை. ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: ‘குடிக்கலாம்னு சொல்றாங்க. நான் குடிக்க மாட்டேன்.’

“அதை மட்டும் விட்டுடுங்க சார்” என்றார் தலைமை நர்ஸ். “அவங்க கான்ட்ராக்ட் ஆள். அடுத்த மாசம் புதுப்பிக்கணும். இந்தப் பேப்பர் மேல போச்சுன்னா முதல்ல அவங்க பேரைத்தான் அடிப்பாங்க.”

படிவத்தின் தலையில் பெயர் எழுதக் கோடு போட்டு வைத்தவனும் நான்தான்.

“மத்த நாற்பது?”

“எங்க பிள்ளைங்க நல்லாப் படிப்பாங்க சார்.” சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். பிறகு குரல் இறங்கியது. “மூணு நாள் ஆளுங்களை அனுப்பினா இங்க ஊசி யார் போடுறது? நீங்க போடுவீங்களா?”

ஆயாவின் படிவத்தை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். ஆயா ஒரு கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார். கையில் உறை இல்லை. படிவத்தைக் காட்டினேன்.

“ஃபெயிலா தம்பி? ஏழாங்கிளாஸ்லயே எனக்குப் பரீட்சைன்னா காய்ச்சல் வரும்.”

“உங்களுக்கு யாரும் விடை காட்டலையாக்கா?”

“காட்டுனாங்க. பொய் எழுதினா அப்புறம் அதை ஞாபகம் வச்சுக்கணும். எனக்கு அவ்வளவு ஞாபகசக்தி கிடையாது.”

கட்டிலின் கால்மாட்டில் கேஸ் ஷீட் தொங்கியது. அடுத்த கட்டிலின் ஷீட்டில் மேல் மூலை மட்டும் மடிந்திருந்தது. நான் பார்ப்பதை அவர் பார்த்தார்.

“மூலை மடிஞ்சிருந்தா அந்த வியாதி. ரெண்டு கையுறை போட்டுக்குவோம். வெளி ஆளுக்குத் தெரியாது.”

“மடியாத ஷீட்டுன்னா?”

“எதுக்குப் போடணும்?” கட்டைவிரலை நீட்டினார். நகத்தோரம் ஒரு கறுப்புப் புள்ளி. “போன மாசம் குப்பையில கிடந்த ஊசி குத்துச்சு. நல்லவேளை, பயமில்ல.”

“அது யாருக்குப் போட்ட ஊசி? அவருக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணாங்களா?”

“அவரு மடியாத ஷீட்டு தம்பி” என்றார், பச்சைக் குழந்தைக்குச் சொல்வதுபோல்.

பரிசோதனை செய்யாதவர்களின் ஷீட்டும் மடியாமல்தான் இருக்கும் என்று சொன்னேன். அவர் விரலை உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டார். பிறகு இரண்டு கையுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு, மூலை மடிந்த கட்டிலுக்குப் போனார். அங்கே படுத்திருந்த பெண்ணின் கழுத்தை ஈரத்துணியால் துடைத்தார். தலையைத் தன் தோளில் சாய்த்து, சிக்கெடுத்துப் பின்னினார்.

“பயமில்லையாக்கா?”

“பயந்தான். அதுக்காக இதை இப்படியே விட்டுட முடியுமா?”

என் மனைவிக்கும் எச்ஐவி இருந்தது. தெரிய வந்தபோது காலம் கடந்திருந்தது. அதன்பின் ஏழு மாதம்தான் இருந்தாள். எனக்கு இல்லை. எப்படி வந்தது என்று அவளிடம் நான் கேட்கவில்லை. கேட்காததைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த இருபது கேள்விகளையும் எங்கள் சாப்பாட்டு மேஜையில்தான் எழுதினேன். அப்போது அவள் எதிரே இருந்தாள். அலமாரியில் அவள் டம்ளர் தனியாகக் கவிழ்ந்திருக்கும். நான் எதுவும் சொன்னதில்லை. ஒரு நாள் அப்படி வைத்தேன். மறுநாளிலிருந்து அவளே வைத்தாள்.

அவள் தாளைத் திருப்பி வாசித்தாள். “பதினொண்ணாவது நல்லாயிருக்கு. நீங்க எதுல டிக் போடுவீங்க?”

“குடிக்கலாம்.”

“அடேயப்பா, நூத்துக்கு நூறு.” சிரித்தபடி, பாதி டீ மிச்சமிருந்த டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள்.

நான் போன் வந்ததுபோல் எழுந்து போனேன். மணி அடிக்கவே இல்லை. அடிக்கவில்லை என்று அவளுக்கும் தெரியும். திரும்பி வந்தபோது டம்ளர் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. அதன்பிறகு அவள் எதையும் என் பக்கம் நகர்த்தவில்லை. அவளுக்குத் தலை பின்னிவிட்டது சம்பளத்துக்கு வந்த ஒரு பெண்.

தலைமை நர்ஸின் அறைக்குத் திரும்பினேன். முதலில் ஊசியைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. உடனே ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போன் போட்டார். “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே இந்த மனுஷி” என்றார், இரண்டு முறை.

மேஜையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து நாற்பத்தொரு படிவங்களிலும் பெயர் இருந்த பகுதியை வெட்டினேன். அவர் தடுக்கவில்லை. கையெழுத்தை வைத்து ஆயாவைக் கண்டுபிடிக்காதபடி அந்தப் பென்சில் எழுத்தை அழித்துவிட்டு, அதே வரியை என் பேனாவால் எழுதினேன்.

“பார்த்து எழுதின நாற்பதும் செல்லாது சிஸ்டர். வார்டு மொத்தத்துக்கும் பயிற்சி வேணும்னு எழுதப் போறேன். பாதிப் பாதி பேரா அனுப்புங்க.”

“ஒரே ஒரு பேப்பரை வச்சா?”

“ரெண்டு.”

வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்தேன். பெயர்க் கோட்டில் என் பெயரை எழுதினேன். அதை வெட்டவில்லை. முதல் பத்துக் கேள்விகளுக்குச் சரியான விடைகள். பதினோராவதில் டிக் போடாமல் ஓரத்தில் எழுதினேன்: ‘குடிக்கலாம் என்று தெரியும். ஏழு மாதம் குடிக்கவில்லை.’

தலைமை நர்ஸ் அதைத் தலைகீழாகவே வாசித்தார். என்னைப் பார்க்காமல், ஸ்டேப்ளரை என் பக்கம் நகர்த்தினார்.