ஒச்சாண்டி காவலில் உடைந்த கண்ணாடி

தேனி பஜாரில் பருத்தி வியாபாரி வைகுண்டராஜ் வாங்கிய காருக்கு நாலு பக்கமும் கண்ணாடி. அதுவரை அந்தப் பக்கம் ஓடிய மோட்டார்களெல்லாம் துணிக்கூரை போட்டவை. மழை வந்தால் வெளியே நிற்பவனும் நனைவான், உள்ளே உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதரும் நனைவார். வைகுண்டராஜ் மட்டும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, நனைகிறவர்களை வேடிக்கை பார்த்தபடி போவார். ஜனங்கள் அதற்குக் கண்ணாடிக் கார் என்று பேர் வைத்தார்கள்.

அந்தக் கண்ணாடிக் காரின் பின்கதவுக் கண்ணாடியை உடைத்தது அதன் டிரைவர் சங்கிலிதான். வேறு யாருமில்லை. இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. சங்கிலி சொல்லாமல் கிடந்த அந்தச் சில நாட்களில்தான் இத்தனை கேடும் நடந்தது.

அன்றைக்குச் சின்னமனூர்ச் சந்தை. முதலாளி கமிஷன் மண்டிக்குள் போய்விட்டார். சங்கிலி காரை வண்டிப்பேட்டைப் புளியமரத்தடியில் நிறுத்தியிருந்தான். வெயில் மண்டையைப் பிளந்தது. பக்கத்திலேயே முல்லையாற்று வாய்க்கால் நுரைத்துக்கொண்டு ஓடியது. "வண்டிய விட்டு அங்கிட்டு இங்கிட்டு நகராத" என்று முதலாளி சொல்லியிருந்தார்தான். ஆனால் தண்ணீர் அவனை விடவில்லை. கதவுகளைப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு இறங்கினான். முங்கி எழுந்தபோது கயிறு இருந்தது, சாவி இல்லை.

சேற்றைத் துழாவித் துழாவிப் பார்த்தான். ஓடுகிற தண்ணீரில் போட்டது கிடைக்குமா? இன்னொரு சாவி காருக்குள் முன்பெட்டியில் இருந்தது. ஈர உடம்பின் மேல் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவந்து பார்த்தால், மண்டி வாசலில் முதலாளியின் குடை விரிந்துகொண்டிருக்கிறது. சங்கிலிக்குப் புத்தி தடுமாறியது. பக்கத்தில் அச்சு கழற்றிப் போட்டிருந்த மாட்டுவண்டியின் கடையாணியை எடுத்தான். முன்கதவுக் கண்ணாடி பெரிசு, பின்கதவுக் கண்ணாடி சிறிசு. உடைக்கிறதிலும் முதலாளிக்குச் சிக்கனம் பார்த்து, பின்கதவில் ஓங்கி ஒரு போடு போட்டான். கையை விட்டுக் கதவைத் திறந்து சாவியை எடுத்துக்கொண்டான்.

இதோடு நிறுத்தி, நடந்ததைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வேலை போயிருக்கும். இவனுக்கு முந்தின டிரைவர், டீ குடிக்கப் போய்க் காரைத் தனியே விட்டதற்காகத்தான் வீட்டுக்கு அனுப்பப்பட்டான். சங்கிலி அதுவரை ஓடைப்பட்டியில் பருத்தி வண்டி ஓட்டியவன். இப்போது ஊரில் அவன் பேரே டிரைவர். பெண் கொடுக்கச் சம்மதித்த மாமனார், மாப்பிள்ளையை விட்டுவிட்டுக் காரைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மறுபடி மாட்டுக்குப் பின்னால் உட்காருவதை நினைத்தாலே அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆகவே களவு என்று சொல்ல முடிவு செய்தான். களவு என்றால் ஏதாவது காணாமல் போக வேண்டுமே! பின்சீட்டில் முதலாளியின் கம்பளிச் சால்வை கிடந்தது. அதைச் சுருட்டி, ஸ்பேனரும் திருப்புளியும் கிடக்கிற ஆயுதப் பெட்டியில் எண்ணெய்க் கந்தலுக்கு அடியில் திணித்தான். பொய்யனாகிறவனுக்கு எங்கிருந்துதான் இத்தனை சுறுசுறுப்பு வருமோ!

"என்னடா இது?" என்றார் முதலாளி, ஓட்டையைப் பார்த்து.

"களவு மொதலாளி. ஒண்ணுக்கு இருந்துட்டு வாரதுக்குள்ள... சால்வையக் காணோம்."

"பேட்டை யார் காவல்?"

"ஒச்சாண்டி காவல்" என்றான் சங்கிலி. பேர் அவன் வாயிலிருந்துதான் வந்தது.

அந்தக் காவலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேட்டையில் வண்டி அவிழ்க்கிற ஒவ்வொருவனும் திரும்பிப் போகும்போது ஒச்சாண்டிக்கு ஒரு கை தானியம் போடுவான். அதற்குப் பதில், அங்கே ஒரு தும்புக்கயிறு காணாமல் போனாலும் ஒச்சாண்டி கண்டுபிடித்துத் தர வேண்டும்; முடியாவிட்டால் தன் கையிலிருந்து ஈடு கட்ட வேண்டும். அப்பன் காலத்திலிருந்து வருகிற காவல். இன்னொன்றும் உண்டு. ஒச்சாண்டியின் ஊர் முழுவதையும் குற்றப்பரம்பரை என்று எழுதி, ஆண்பிள்ளைகளின் விரல் ரேகையைச் சர்க்கார் பதிந்து வைத்திருந்தது. பொழுது சாய்ந்தால் போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும், ஊரைவிட்டு ஊர் போகச் சீட்டு வாங்க வேண்டும். பகலில் சந்தைக்குக் காவல்காரன், ராத்திரி சர்க்காருக்குத் திருடன். என்ன சட்டமோ, எவன் போட்டானோ!

முட்டிக்கொண்ட இரண்டு காளைகளைப் பேட்டையின் மறுகோடியில் விலக்கிக்கொண்டிருந்த ஒச்சாண்டி ஓடிவந்தான். உடைந்த கண்ணாடியைப் பார்த்தான்.

"எம் பொறுப்பு மொதலாளி. அடுத்த சந்தைக்குள்ள கண்ணாடியும் போட்டுத் தாரேன், சால்வையும் கொண்டாந்து தாரேன். டேசனுக்கு மட்டும் போயிராதீக."

"அடுத்த சந்தை வரைக்கும் பொறுப்பேன். இல்லேன்னா பிராதுதான். காவலும் வேற ஆளுக்குப் போயிரும், பாத்துக்க."

தேனிக்குத் திரும்புகிற வழி நெடுக ஓட்டை வழியாகக் காற்று ஊளையிட்டது. பஜாரில் முதலாளி கண்டவரிடமெல்லாம் இந்தக் கதையைச் சொன்னார். சொல்லச் சொல்லக் கதை ஊதியது. ஒரு திருடன் என்றிருந்தது போடிக்குப் போய்ச் சேர்ந்தபோது அரிவாளோடு ஒரு கும்பல் என்றாகிவிட்டது. சங்கிலி பக்கத்தில் நின்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

கம்பெனிக் கண்ணாடி மதராஸிலிருந்து வர மாதக்கணக்காகும் என்றார்கள். தேனியில் சாமிப் படத்துக்குச் சட்டம் போடுகிற சுயம்புலிங்கம், பீரோவுக்கு வைத்திருந்த தடித்த கண்ணாடியில் அளவாக அறுத்துத் தருவதாக ஏற்றுக்கொண்டார். சங்கிலி அட்டையில் கதவின் அளவை வெட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தான். கண்ணாடியை வாங்கிவர ஒச்சாண்டியோடு கடைக்குப் போனபோது, வாசலில் ஒரு கருப்புக் கிடா கட்டியிருந்ததைப் பார்த்தான். லட்சுமிக்கும் முருகனுக்கும் நடுவில் நின்று அது அசை போட்டுக்கொண்டிருந்தது.

"யார் கிடா?" என்றான் சங்கிலி.

"கருப்பன் கோயிலுக்கு நேந்து விட்டது. கண்ணாடிக்குக் குடுத்துட்டேன்" என்றான் ஒச்சாண்டி. "கருப்பன் கோவிச்சுக்க மாட்டான். காவலோட கஷ்டம் அவனுக்குத் தெரியாதா?"

சாமிக்கு நேர்ந்ததைக் கொடுத்து வாங்கிய கண்ணாடியைச் சாக்கில் சுற்றி, பச்சைப் பிள்ளையைத் தூக்கி வருவது போல ஒச்சாண்டி தூக்கி வந்தான். முதலாளி பருத்தி மூட்டை அடுக்குகிற கிட்டங்கி நிழலில் இருவரும் வேலையை ஆரம்பித்தார்கள். சங்கிலி கதவின் உள்பலகையைக் கழற்றினான். கதவின் வயிற்றுக்குள் சில்லுச் சில்லாகப் பழைய கண்ணாடி கிடந்தது. ஒச்சாண்டி தன் பெரிய விரல்களால் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துண்டில் போட்டான். கையில் கீறி வந்த ரத்தத்தைச் சப்பிக்கொண்டே பேசினான்.

"சீட்டு வாங்கிட்டு ஊர் ஊராச் சுத்திட்டேன் தம்பி. எங்க ஆளுக எடுத்திருந்தா எடுத்தேன்னு சொல்லிருவானுக. எங்கிட்ட மறைக்கமாட்டானுக. இந்தத் தடவ எவனக் கேட்டாலும் இல்லைங்கிறான்."

சங்கிலி கண்ணாடி உட்காருகிற காடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"தங்கச்சி புருசன் சின்னக்கருப்பு அன்னைக்குச் சந்தைக்கு வந்திருந்தான். அவன் மேல எனக்குச் சந்தேகம் விழுந்துருச்சு. சொந்தக்காரனே எங் காவல்ல கை வச்சிட்டானேன்னு ஆத்திரம். மரத்துல கட்டி வச்சு அடிச்சேன். எந் தங்கச்சி காலப் பிடிக்கிறா, விடல. எடுக்கல மச்சான், எடுக்கல மச்சான்னுதான் சொன்னான். இப்ப எந்திரிக்கமாட்டாமக் கெடக்கான். தங்கச்சி எம் மூஞ்சில முழிக்கமாட்டேங்கிறா."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். சங்கிலி அதைப் பலமுறை கேட்டிருக்கிறான், சொல்லியும் இருக்கிறான். அன்றைக்குத்தான் அதன் கனம் தெரிந்தது. கையிலிருந்த துணி கீழே விழுந்தது. யாரென்றே தெரியாத ஒருவன் மரத்தில் கட்டுண்டு, தான் செய்யாததைச் செய்யவில்லை என்று கத்திக்கொண்டிருந்த நேரத்தில், தான் முதலாளி வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து கறிச்சோறு தின்றது நினைவுக்கு வந்தது.

எழுந்து போய் ஆயுதப் பெட்டியைத் திறந்தான். கந்தலுக்கு அடியிலிருந்து சால்வையை எடுத்து நீட்டினான்.

"அண்ணே. களவு நடக்கல. வாய்க்கால்ல சாவியத் தொலைச்சிட்டேன். கண்ணாடிய நாந்தான் உடைச்சேன்."

ஒச்சாண்டி சால்வையைத் தொடுவதற்கு முன்னால் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். வாங்கி மோந்து பார்த்தான். மோட்டார் எண்ணெய் வாடை. அவன் கை ஒருமுறை ஓங்கியது. சங்கிலி கண்ணை மூடிக்கொண்டான். அடி விழவில்லை. விழுந்திருந்தால் எவ்வளவோ தேவலை.

"மொதல்ல கண்ணாடிய மாட்டு" என்றான் ஒச்சாண்டி. "எங் காவல்ல உடைஞ்சது. அது எம் பொறுப்பு. பொறகு போய் உங்க மொதலாளிகிட்ட உள்ளதச் சொல்லு. நான் வாசல்ல நிக்கேன்."

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கண்ணாடியைக் காடியில் இறக்கினார்கள். ஓரத்தில் கம்பளிப் பட்டை கொடுத்து, உள்பலகையை முடுக்கி, சங்கிலி கைப்பிடியைச் சுற்றினான். கண்ணாடி முனகிக்கொண்டே மேலே ஏறிக் கச்சிதமாக உட்கார்ந்தது. எந்தக் குறையும் இல்லை. ஒச்சாண்டி சில்லுகளைத் துண்டோடு முடிந்துகொண்டான்.

சங்கிலி முதலாளியின் கடைக்குள் போனான். சால்வையைக் கல்லாப்பெட்டி மேசையில் வைத்தான். எல்லாவற்றையும் சொன்னான்.

"ஒச்சாண்டி மெரட்டினானா?" என்றார் வைகுண்டராஜ்.

"இல்ல மொதலாளி. சத்தியமா நாந்தான்."

அவர் சால்வையை விரித்தார். எண்ணெய்க் கறையைப் பார்த்தார். பிறகு சங்கிலியைப் பார்த்தார். நம்பிவிட்டார். அது அவர் முகத்தில் நன்றாகத் தெரிந்தது. எழுந்து போய் உள்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஏலே, நான் பஜார் பூராவும் சொல்லியிருக்கேன். போடி வரைக்கும் பேச்சாயிருக்கு. இப்பப் போயி, திருடன் எவனுமில்ல, எங்க டிரைவருதான்னு சொன்னா காறித் துப்புவானுக. ஒனக்கென்ன கண்ணு பொட்டையான்னு கேப்பானுக. பேசாம இரு. பொருள் வந்துருச்சு. பிராது இல்ல. அவன் காவல் அவனுக்கு, ஒன் வேல ஒனக்கு. யாருக்கு என்ன நட்டம்?"

யாருக்கு என்ன நட்டம் என்பது சங்கிலிக்குத் தெரியும். அடிபட்டுக் கிடக்கிறவனைத் தெரியும், அண்ணன் முகத்தில் விழிக்காத தங்கச்சியைத் தெரியும், படக்கடை வாசலில் நிற்கிற கிடாயைத் தெரியும். எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் 'ஒன் வேல ஒனக்கு' என்ற சொல் காதில் விழுந்ததும் அவன் உடம்பு ஒரு நொடி லேசாகிவிட்டது. அந்த லேசைத்தான் அவனால் மன்னிக்க முடியவில்லை. பொய் சொன்னது பதற்றத்தில் என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இதற்கு என்ன சொல்லிக்கொள்வான்? "சரி மொதலாளி" என்று வாய் சொல்லிவிட்டது.

வைகுண்டராஜ் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். கடைக்காரர்களும் வண்டிக்காரர்களும் ஏற்கெனவே கார் பக்கத்தில் கூடி, புதுக் கண்ணாடியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒச்சாண்டி சொன்ன வாக்கக் காப்பாத்திட்டான்" என்றார் எல்லோருக்கும் கேட்க. "கண்ணாடியும் வந்துருச்சு, சால்வையும் வந்துருச்சு. எடுத்தவன் எவன்னு நான் கேக்கல. கேக்காம இருக்கிறதுதான மொறை. இந்தா, துப்புக் கூலி."

ஒரு வெள்ளி ரூபாயை நீட்டினார். களவு போன பொருளைத் துப்புத் துலக்கி மீட்டுக் கொடுக்கிறவனுக்குப் பொருளுக்கு உரியவன் கொடுக்கிற கூலி அது. நாட்டு வழக்கம். வாங்கிக்கொண்டால் காவல் நிலைக்கும், கேஸ் இல்லை, மரியாதைதான். ஆனால் வாங்கிக்கொண்டால், எடுத்தவன் தன் ஆட்களில் ஒருவன் என்று ஒச்சாண்டி ஊரறிய ஒத்துக்கொண்டதாகவும் அர்த்தம். சின்னக்கருப்பு பட்ட அடி நியாயமான அடி என்றாகிவிடும்.

ஒச்சாண்டி கையை நீட்டவில்லை. சங்கிலியைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. சொல்லிவிடுவான் என்று நம்பிப் பார்த்தான். சங்கிலி காரின் மட்கார்டில் இல்லாத தூசியைத் துடைத்தான்.

"வாங்கிக்கப்பா, பெரிய மனுசன் குடுக்காக" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

ஒச்சாண்டி இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தான். தானே சொன்னால், ரேகை வைத்தவன் பேச்சை எவன் நம்புவான்? பிறகு ரூபாயை வாங்கினான். நேரே சங்கிலியிடம் வந்தான். துணியைப் பிடித்திருந்த அவன் வலக்கையை எடுத்து, விரல்களைப் பிரித்து, உள்ளங்கையில் ரூபாயை வைத்தான்.

"துப்புச் சொன்னது நீதான தம்பி. கூலி ஒனக்குத்தான்."

அவ்வளவுதான். பொழுது சாய்வதற்குள் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர வேண்டும். கண்ணாடிச் சில்லு முடிந்த துண்டை எடுத்துக்கொண்டு சின்னமனூர் ரோட்டில் இறங்கி நடந்துவிட்டான்.

கூட்டம் சங்கிலி பக்கம் திரும்பியது. "சங்கிலியா துப்புக் குடுத்தான்? சொல்லவே இல்லையே!" என்றார் பக்கத்துக் கடைக்காரர். முதலாளி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஆமாம் என்பது போலத் தலையசைத்தார். விரிந்த கையில் ரூபாயோடு சங்கிலி நின்றான்.

"பலே டிரைவரு!" என்று யாரோ அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார்கள்.