பத்து நிமிஷம் பிசைந்த மண்

ஏணியில் இன்னும் இரண்டு படி இருக்கும்போதே ஷூ வழுக்கி, அவள் கணவர் குழிக்குள் பொத்தென்று செம்மண்ணில் உட்கார்ந்தார். முன்பே கீழே இறங்கியிருந்த அவள், சிரிப்பை அடக்கக் குழியின் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். இருபது வருடமாக மண்ணைக் கண்ணாடிக் குடுவையில் மட்டுமே பார்த்த ஆய்வகக்காரர் அவர். அவளோ குழி வெட்டச் சொல்லி, இறங்கி, தொட்டுப் பார்த்து மண் வரைபடம் போடுகிறவள்.

மூன்று நாளாக வீட்டில் முகம் கொடுத்துப் பேச்சில்லை. "உப்பு", "சாவி" என்று ஒற்றைச் சொல்லில் குடித்தனம் ஓடியது. எல்லாம் இந்தக் குழியால் வந்தது. கீழே போகப் போகக் களிமண் கூடுகிறது, அதனால் இது அல்டிசால் வகை என்று அவள் எழுதியிருந்தாள். களி மேலே முப்பது சதவீதம், கீழே முப்பத்தொன்று, கூடவே இல்லை, அதனால் ஆக்சிசால் வகை என்றன அவர் ஆய்வக எண்கள். இரண்டுமே யுகயுகமாக மழை சத்தையெல்லாம் வடித்துக்கொண்டு போன கிழட்டு மண்தான். ஆனால் வரைபடத்தில் ஓரிடத்துக்கு ஒரு நிறம்தான் பூச முடியும். நாளை அது அச்சுக்குப் போகிறது. அவள் பெயரில் வரும் முதல் வரைபடம். மேலதிகாரி எண்களைத்தான் நம்புவார். கட்டியவரின் எண்ணே தன் சொல்லை அடித்துவிடும் என்பதுதான் அவளுக்கு நெஞ்சில் முள்ளாக இருந்தது. அவரே தொட்டுப் பார்க்கட்டும் என்றுதான் இன்று இங்கே இழுத்து வந்திருந்தாள்.

குழியின் அடிப்பக்கத்திலிருந்து ஒரு கட்டியைக் கொத்தி அவர் உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர் தெளித்தாள்.

"பிசைங்க."

இரண்டு தரம் உருட்டினார். "நறநறன்னு இருக்கு. மணல்தான் இது. நான் சொன்னதுதானே?"

"நிறுத்தாதீங்க. வீட்டுல ஒரு நாளாவது மாவு பிசைஞ்சிருந்தா இந்த அவசரம் வராது."

முகம் சுளித்தாலும் அவர் பிசைந்தார். ஐந்து நிமிடம் போயிற்று. எட்டாயிற்று. நறநறத்த துகள்கள் ஒவ்வொன்றாக உடைந்து மண் வழவழத்தது. அவர் கை வேகம் குறைந்தது. பெருவிரலால் தள்ளிப் பார்த்தார். மண் நாடாவாக நீண்டு, களி மிகுந்த மண்ணைப்போல ஒடியாமல் தொங்கியது.

"மண்ணுல இருக்கிற இரும்பு களியை மணல் மாதிரி பொடிப்பொடியா கட்டிப்போட்டிருக்கு. உங்க மெஷின் பதினாறு மணி நேரம் குலுக்கியும் அந்தக் கட்டு அவிழல" என்றாள் அவள், குரல் உயராமல்.

அவர் தானே எட்டி மேல்மண்ணில் ஒரு பிடி கிள்ளி, அதையும் அதே பத்து நிமிடம் பிசைந்தார். அந்த நாடா விரல் நீளம்கூட வராமல் ஒடிந்து விழுந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தவர், வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அப்போ என் மெஷின் பொய் சொல்லிருக்கு."

"பொய் இல்லீங்க. அதுக்குப் பிசையத் தெரியல."

சேற்றுக் கையோடே போனை எடுத்து மேலதிகாரியை அழைத்தார். "அந்த எண்களை நிறுத்தி வைங்க சார். நான் திரும்பச் செய்யணும். களத்துல எழுதினதுதான் சரி." அந்தப் பக்கம் ஏதோ கேட்டது. "யார் எழுதினதா? என் பொண்டாட்டி சார்" என்றார், ஊருக்கே கேட்கும்படி.

அவள் காது வரை சிவந்து, சுவரில் இல்லாத வேரைப் பிடுங்கினாள்.

"ஏறி வர்றீங்களாம்மா, ஏணியை எடுத்துடலாமா?" என்று மேலிருந்து குழி வெட்டுகிறவர் எட்டிப் பார்த்தார்.

"இருங்க" என்றார் கணவர். அவள் கழுத்தில் தொங்கிய உருப்பெருக்கு லென்ஸைக் கயிற்றோடு இழுத்துக் கண்ணில் வைத்தார். கயிறு குட்டை; அவளும் கூடவே குனிய வேண்டியதாயிற்று. கன்னத்தோடு கன்னம் உரச இருவரும் பார்த்தார்கள். சுவரில் கொத்திய இடத்தில், உடைந்த கட்டியின் முகத்தில், மேலிருந்து மழையோடு இறங்கிய களிப்படலம் மெழுகு பூசியதுபோல் வெயிலில் மினுங்கியது.

"இன்னும் கொஞ்சம் கீழ வெட்டச் சொல்லேன்" என்றார் அவர்.