வண்டி பாதி காலியாகத்தான் இருந்தது

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது கோயமுத்தூர் கோர்ட்டு வராந்தாவில். பங்காளித் தகராறு ஒன்றில் சாட்சி சொல்ல வரச்சொல்லி, வழக்கம்போல நாள் முழுக்க உட்கார வைத்துவிட்டார்கள். (யார் பங்காளி, என்ன தகராறு என்று கேட்காதீர்கள். அது இதைவிடக் கேவலமான கதை.) பக்கத்து அறையில் ஒரு லாரி கேஸ் நடந்துகொண்டிருந்தது. பொழுது போகாமல் சன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். கூண்டில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மாஜிஸ்திரேட் அவரைக் கேட்டார்: "இவ்வளவு பாரம் ஏற்றச் சொன்னது யார்?"

அந்த நேரம் பார்த்து டவாலி என் பெயரைக் கூப்பிட்டுவிட்டான். நான் போய்ச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வருவதற்குள் அந்த அறை காலி. மனிதர் என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. விசாரித்திருக்கலாம். விசாரித்திருந்தால் செய்திதான் கிடைத்திருக்கும். எனக்கு வேண்டியிருந்தது கதை.

ஆகவே கீழே வரும் ஆட்கள், லாரி, பாலம் எல்லாம் நான் கட்டியவை. கேள்வி மட்டும் காதில் விழுந்தது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"1958ஆம் ஆண்டு சத்தியமங்கலம் சாலையில், அனுமதிக்கப்பட்ட எடைக்கு அதிகமாகப் பாரம் ஏற்றிச் சென்ற லாரி ஒன்று"

அடித்துவிட்டேன். இது போலீஸ்காரர் எழுதுகிற தமிழ். அடுத்தது:

"பவானிக் கரையின் பச்சை வயல்களைத் தொட்டு வந்த காற்று பொங்கியண்ணனின் முகத்தில்"

இதையும் அடித்தேன். காற்றுக்கு இந்தக் கதையில் ஒரு வேலையும் இல்லை. லாரி ஓட்டுகிறவருக்கு வயல் பச்சையா மஞ்சளா என்று தெரியாது, ரோடுதான் தெரியும்.

எடையிலிருந்தே தொடங்குகிறேன். அந்தக் காலத்து லாரிகளின் பக்கவாட்டில் இரண்டு எண்கள் எழுதியிருப்பார்கள். வெறும் வண்டி இவ்வளவு, பாரத்தோடு இவ்வளவு. அப்போது ராத்தல் கணக்கு. இப்போது அதன்மேல் பெயிண்ட் அடித்துக் கிலோவில் எழுதிவிட்டார்கள். இரண்டாவது எண்ணைத் தாண்டக் கூடாது என்கிறது சட்டம். தாண்டினால், ஏற்றச் சொன்னவர் யாரோ ஒருவர் இருப்பார் என்றும், அவரைக் கண்டுபிடித்துத் தண்டிக்கலாம் என்றும் அது நினைக்கிறது. சட்டம் எழுதியவர்கள் எங்கள் ஊர்ப் பக்கம் வந்து பழகியவர்கள் இல்லை என்பது இதிலேயே தெரிகிறது.

3

பொங்கியண்ணன் பீளமேட்டில் சுந்தரராஜுலு நாயுடுவின் லாரியை ஓட்டினார். மில்லுக்குப் பஞ்சு ஏற்றுகிற லாரி. பஞ்சு ஏற்றுகிறவர்களுக்கு எடையைப் பற்றிக் கவலையே கிடையாது. பேல் என்கிற பஞ்சுப் பொதிகளைக் கேபினுக்கு மேலே மலையாக அடுக்கினாலும் வண்டி சட்டத்துக்குள்ளேதான் இருக்கும். அவர்கள் பார்ப்பதெல்லாம் உயரம்தான். கயிறு இறுக்கமா, புளியமரக் கிளை தட்டுமா, அவ்வளவு. வண்டி நிறைந்ததா இல்லையா என்று கண்ணால் பார்த்தே சொல்லிப் பழகியவர்கள். முதலாளி, டிரைவர், லோடு ஏற்றுகிற ஆள் எல்லாருக்கும் பஞ்சுக் கண்.

அன்றைக்கு ஏற்றியது இரும்புக் கம்பி.

[கம்பி எதற்கு? "பழைய பாலங்களை இடித்துப் புதிய பாலம் கட்டுவதற்கு" என்று முதலில் எழுதினேன். எழுதியதும் எனக்கே வெட்கமாகிவிட்டது. நிஜத்தில் எதுவும் அவ்வளவு வசதியாக நடப்பதில்லை. சத்தியமங்கலத்தில் ஒருவர் சினிமாத் தியேட்டர் கட்டினார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.]

கம்பியைக் கணுக்கால் உயரத்துக்குப் பரப்பினாலே லாரிக்கு எடை நிறைந்துவிடும். பார்வைக்கு மட்டும் காலி வண்டியாகவே தெரியும். பொங்கியண்ணன் குனிந்து, பின்சக்கரத்து ஸ்பிரிங் பட்டைகளைப் பார்த்தார். வளைவாக இருக்க வேண்டியவை நேராகி இருந்தன. போதும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அப்போதுதான் நாயுடு வந்து சேர்ந்தார்.

நாயுடு நல்ல மனிதர். கிண்டலாகச் சொல்லவில்லை. டிரைவரைக் கவுண்டரே என்றுதான் கூப்பிடுவார். பொங்கியண்ணனின் மகளுக்கு டைபாய்டு வந்தபோது தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தவர். (இவரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். கதை சுலபமாக ஓடியது. அதனாலேயே விட்டுவிட்டேன்.) அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஏனுங்க கவுண்டரே, பாதி வண்டி சும்மா கெடக்குதுங்களே. மிச்சக் கம்பிக்கு இன்னொரு நடை போகோணுமுங்களா?"

கேள்விதான். ஏற்றுங்கள் என்று சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் மரியாதைப்பட்டவர்கள் ஒருவருக்கொருவர் உத்தரவு போடுவதில்லை. கேட்பார்கள். கேட்கப்பட்டவர் குறிப்பறிந்து தானாகவே முன்வந்து சொல்ல வேண்டும். முடியாது என்று சொன்னால் அது வேலையை மறுத்ததாக ஆகாது, கேட்டவரை அவமதித்ததாக ஆகிவிடும். இதைப் பண்பாடு என்று மேடையில் பேசிக் கைதட்டல் வாங்குகிறார்கள். நானும் வாங்கியிருக்கிறேன்.

பட்டை தாங்காதுங்க என்பது பொங்கியண்ணனின் நாக்கு நுனி வரை வந்தது. இவ்வளவு பெரிய மனிதர் இவ்வளவு தணிந்து கேட்கும்போது அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "ஒரே நடையில போயிரலாமுங்க," என்றார்.

பிறகு மாசாணத்தின் பக்கம் திரும்பினார். மாசாணம் லோடு ஏற்றும் ஆள், ஆனைமலைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். பஞ்சு லோடு என்றால் பேல் மேல் மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டே வருவான். கம்பியில் அந்தச் சுகம் இல்லை. கையில் கிழிந்த சாக்கைச் சுற்றிக்கொண்டு நின்றான்.

"ஏத்துடா," என்றார் பொங்கியண்ணன்.

4

அன்னூர் தாண்டி, மழை பெய்தால் மட்டும் தண்ணீர் ஓடும் பள்ளம் ஒன்று. அதன்மேல் வெள்ளைக்காரன் காலத்துப் பாலம். பாரத்தோடு எட்டு டன்னுக்கு மேல் உள்ள வண்டிகள் போகக் கூடாது என்று முன்னால் ஒரு பலகை. பஞ்சோடு எத்தனையோ தடவை அதைத் தாண்டிய பொங்கியண்ணன் அன்றைக்குத்தான் அந்தப் பலகையை முழுதாகப் படித்தார்.*

வண்டியை நிறுத்தினார். பாதிக் கம்பியை இறக்கி ஓரமாகப் போட்டுவிட்டு, இரண்டு நடையாகத் தாண்டியிருக்கலாம். சட்டமும் அதைத்தான் செய்யச் சொல்கிறது. ஆனால் ஒரே நடை என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். வாயைவிட்டுச் சொல்லிவிட்டு இப்போது இரண்டு நடை அடித்தால் என்ன மரியாதை?

பழைய பாலம் வந்தால் லாரிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வண்டியில் இருக்கிறவர்கள் எல்லாரும் இறங்கி நடந்துபோய் அக்கரையில் நிற்க வேண்டும். டிரைவர் மட்டும் மெதுவாக ஓட்டிக்கொண்டு வருவார். கேபினில் தியேட்டர்க்காரரின் கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் இறங்கி நடந்துகொள்ள முடியுமா என்று பொங்கியண்ணன் அவரைக் கேட்டார். கணக்குப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்து, அக்கரை போய்ச் சேர்ந்தார். மாசாணம் பின்னால் கம்பியின் மேல் இருந்தான்.

[இந்த இடத்தில் ஒரு வரி எழுதி, அடித்திருக்கிறேன். பிறகு சொல்கிறேன்.]

நடுப்பாலத்தில் தளம் உடைந்து பின்சக்கரம் இறங்கியது. பெரிய சத்தம்கூட இல்லை. வண்டி பின்பக்கமாகச் சாய்ந்தது. கம்பி மொத்தமும் வழுக்கிக்கொண்டு பள்ளத்தில் போய் விழுந்தது. மாசாணம் அதற்கு அடியில் போய்விட்டான். பொங்கியண்ணன் குதித்து இறங்கி, வெறுங்கையால் கம்பியை ஒவ்வொன்றாக இழுத்தார். உள்ளங்கை கிழிந்ததுதான் மிச்சம். கம்பி தூக்கத் தெரிந்த ஆள் கீழே கிடந்தான்.

\* படிக்கத் தெரிந்தவர்தான். அதுவரை தேவைப்படவில்லை.

5

கேஸ் டிரைவர் மேல் விழுந்தது. தண்டனை என்றால் ஜெயில். லைசென்சும் போகும். லைசென்சு போனால் பொங்கியண்ணனுக்கு வேறு தொழில் தெரியாது. முதலாளி ஏற்றச் சொல்லி ஏற்றியது என்று ருசுவானால் அவரும் சேர்ந்து மாட்டுவார் என்று வக்கீல் சொன்னார்.

விசாரணைக்கு முன்னால் நாயுடு பொங்கியண்ணனின் வீட்டுக்கே வந்துவிட்டார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை, நான் எழுதிய ஆள்தானே, எனக்குத் தெரியும்.

"கோர்ட்டுல என்ன சொல்றதுன்னு நீங்களே ஒரு யோசனை சொல்லுங்க கவுண்டரே. எனக்கு ஒண்ணுமே ஓட மாட்டீங்குது," என்றார்.

யோசனை கேட்கிறார், பாருங்கள். பதில் பொங்கியண்ணன் வாயிலிருந்தே வந்தது. "நானா ஏத்துனதாச் சொல்லிப்போடறனுங்க. நீங்க மனசு ஒடைய வேண்டாமுங்க."

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒரு முடிவில், பொங்கியண்ணன் கூண்டில் நின்று, முதலாளிதான் ஏற்றச் சொன்னார் என்கிறார். நாயுடுவின் வக்கீல் எழுந்து, என்ன வார்த்தை சொன்னார், அதை அப்படியே சொல்லுங்கள் என்கிறார். பொங்கியண்ணன், இன்னொரு நடை போகோணுமுங்களா என்று கேட்டார் என்கிறார். கோர்ட்டே சிரிக்கிறது.

இன்னொன்றில் நாயுடு தானே எழுந்து, குற்றம் என்னுடையது என்கிறார். பேனா மறுக்காமல் எழுதியது. எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. தான் எதுவும் சொல்லவில்லை என்று அவர் மனசார நம்புகிறார். அது பொய்யும் இல்லை.

மிச்சம் இருப்பது, பழியை ஏற்றுக்கொண்டு பொங்கியண்ணன் ஜெயிலுக்குப் போகிற முடிவு. வாசகர்களுக்குப் பிடிக்கும். ஏழை, நல்லவர், முதலாளிக்காகத் தலை கொடுத்தவர். கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பலாம். வெகு நாள் இந்த முடிவைத்தான் வைத்திருந்தேன். இதைக் காப்பாற்றத்தான் அந்த ஒரு வரியை அடித்தேன்.

6

அந்த வரி இது. கணக்குப்பிள்ளை நடந்து அக்கரை போய்ச் சேர்ந்ததைப் பார்த்து மாசாணமும் இறங்கப் போனான். ஒரு காலை டயர் மேல் வைத்துவிட்டான். பொங்கியண்ணன் கேபினிலிருந்து தலையை நீட்டிச் சொன்னார்:

"நீ எங்கடா எறங்கறே? கம்பி நகுராமப் பாத்துக்கிட்டு மேலயே உக்காரு."

மாசாணம் காலை எடுத்துக்கொண்டு மேலே ஏறி உட்கார்ந்தான்.

அத்தனை கம்பியை ஒரு ஆள் மேலே உட்கார்ந்து நகராமல் வைத்திருக்க முடியாது. பொங்கியண்ணனுக்கும் அது தெரியும். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்துவிட்டது. காலையிலிருந்து அந்த வண்டியைச் சுற்றி எல்லாரும் எல்லாரையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். உத்தரவு என்று கிடைத்ததெல்லாம் மாசாணத்துக்குத்தான். போட்டவர் பொங்கியண்ணன். ஏறுமா, தாங்குமா, இறங்குகிறாயா என்று மாசாணத்தை ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான் பாருங்கள், பொங்கியண்ணனை அவர் என்றும் மாசாணத்தை அவன் என்றும் எழுதிக்கொண்டே வந்திருக்கிறேன். நீங்களும் படித்துக்கொண்டே வந்திருக்கிறீர்கள்.

இது கோர்ட்டில் வராது. மாஜிஸ்திரேட் கேட்கப் போவது கம்பியின் எடையைப் பற்றி. கணக்குப்பிள்ளை அக்கரையில் இருந்தார், அவர் காதில் விழுந்திருக்காது. விஷயம் தெரிந்தவர்கள் பொங்கியண்ணனும் நானும். இப்போது நீங்களும்.

7

விசாரணைக்கு முந்தின நாள், மாசாணத்தின் மனைவி மாரக்காள் பொங்கியண்ணனின் வீட்டுக்கு வருகிறாள். வாசலோடு நிற்கிறாள். உள்ளே வரச்சொல்லி இந்த வீட்டில் வழக்கமில்லை. சண்டை போட வரவில்லை. பழைய பாலம் வந்தால் எல்லாரையும் இறக்கிவிடுவார்கள் என்று வேறு லாரிக்காரர் யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அதிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை.

"கணக்குப்பிள்ளை எறங்கி நடந்தாராமுங்க. எங்கூட்டுக்காரரு மட்டும் ஏனுங்க மேலயே உக்காந்திருந்தாரு?"

பொங்கியண்ணன் நாளைக்குக் கோர்ட்டில் சொல்லப் போவதை மனசுக்குள் பாடம் பண்ணி வைத்திருக்கிறார். அதில் இதற்குப் பதில் இல்லை. அவனாகத்தான் உட்கார்ந்துகொண்டான் என்று சொல்லலாம். மறுக்க ஆள் கிடையாது. மாரக்காளும் நம்பிவிட்டு, தூங்குமூஞ்சி என்று செத்த புருஷனைத் திட்டிக்கொண்டே மிச்சக் காலத்தை ஓட்டுவாள். நான்தான் உட்காரச் சொன்னேன் என்றும் சொல்லலாம். சொன்னால் முதலாளிக்காகப் பழி சுமந்தவர் என்கிற பெயர் போய்விடும். ஜெயிலுக்குப் போவதற்கு அவரிடம் இருக்கும் ஒரே தைரியம் அந்தப் பெயர்தான்.

அவர் வாயைத் திறக்கிறார்.

நான் எழுத மாட்டேன். எழுதினால் எப்படியாவது அவரைக் காப்பாற்றிவிடுவேன். அந்தப் புத்தி என்னைவிட்டு இன்னும் போகவில்லை. நீங்கள் எழுதுங்கள். அவர் நல்லவராகவே முடியட்டும் என்று தோன்றினால் அப்படியே எழுதுங்கள், யாரும் கேட்கப் போவதில்லை. எழுதுகிறபோது மாரக்காளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எழுதுங்கள்.

பொங்கியண்ணன் அவளிடம் சொன்னார்: "