குட்டையில் விட்ட மீன்கள்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குத் தவளைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. நல்ல மழை பெய்தும் பக்கத்து வீட்டுக் குட்டை ஒருநாள் வாயே திறக்கவில்லை. ஏன் என்று குடைந்துகொண்டே இருந்ததில் இந்தக் கதை வந்தது.

‘விடிந்தும் விடியாத பொழுதில் அவள்…’

(அடித்துவிட்டேன். எல்லாக் கதையிலும்தான் விடிகிறது.)

2
அவள் தவளை ஆய்வாளர். அண்ணன் வீட்டில் இருக்கிறாள். கொல்லைக் குட்டையில் ஒரு குட்டித் தவளை இனம் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் அது மிஞ்சவில்லை. மழை விட்டதும் தலைப்பிரட்டைகளைத் தேடிச் சல்லடையை முக்கினாள். மீன்கள்தான் துள்ளின.

“மீனை யார் அண்ணி விட்டது?”

“நான்தான். கொசு கடிச்சுப் புள்ள காய்ச்சல்ல கிடந்தானே, கையக் கட்டிக்கிட்டு நிக்கச் சொல்றியா? மருந்து அடிச்சா தவளை சாகும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டது யாரு? உனக்காகத்தான் மீன் விட்டேன்!”

“மீன் தலைப்பிரட்டையையும் தின்னுடும் அண்ணி.”

“அத நீ சொல்லவே இல்லையே.”*

3
சண்டை வேண்டாமென்று காய்ச்சலை வெட்டினேன். அண்ணிக்கு மீன் விடக் காரணம் போயிற்று. மீன் இல்லாததால் தவளைகள் பெருகின. ஆய்வாளர் சந்தோஷமாக உள்ளே போய்விட்டாள். கதை காலி! சரி, அண்ணியையே எடுத்துவிடலாம் என்றால், ஆய்வாளர் குட்டையே கதியென்று கிடக்கும்போது குழந்தையை யார் பார்ப்பது? ஒன்றை உருவினால் எல்லாமே சரிகிறது. சூழலியல் படித்தவர்கள் சிரிப்பார்கள். எனக்கு இது புதுசு, அதனால் குஷியாகக்கூட இருந்தது. குழந்தைக்குத் திரும்பவும் காய்ச்சலைக் கொடுக்கும்போது மட்டும் கை கூசியது.

4
பெரிய தவளைகள் இன்னும் செடிகளுக்கடியில் இருக்கின்றன. குட்டையை இறைத்து மீன்களை எடுத்துவிட்டால், அடுத்த மழையில் முட்டையிடும், தலைப்பிரட்டைகளும் பிழைக்கும். ஆய்வாளர் மோட்டாரை இறக்கினாள். அண்ணி குழந்தையை இடுப்பில் வைத்தபடி வந்தாள்.

“மீனை எடுத்துட்டா கொசு?”

“வரும். கொசுவத் தின்னுற தட்டான் பெருகினா குறையும்.”

“எப்போ?”

“தெரியல அண்ணி.”

“தெரியாமத்தான் நானும் மீன் விட்டேன்.”

ஆய்வாளர் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு, “நீங்க சொன்னாத்தான் போடுவேன்” என்றாள்.

(அண்ணி ‘போடு’ என்று ஒரு முடிவு எழுதினேன். ‘வேண்டாம்’ என்று இன்னொன்று. இரண்டுமே நான் வசதியாக நாற்காலியில் உட்கார்ந்து எழுதியவை.)

அண்ணியின் பதிலை நீங்களே சொல்லுங்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

* தட்டானின் இளம்புழுக்கள் தண்ணீருக்குள் இருந்து கொசுப்புழுவைத் தின்பவை. மீன்கள் அவற்றையும் விட்டுவைக்கவில்லை. இதையும் அண்ணிக்கு யாரும் சொல்லவில்லை.