பிஷப்பின் மொட்டைக் கழுத்து

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு சேவலின் மொட்டைக் கழுத்திலிருந்து பிறந்தது. முதலில் இப்படித் தொடங்கினேன்: "இங்கிலாந்தில், டார்பிஷயரின் பச்சைக் குன்றுகளுக்கு நடுவே வெள்ளி நாடா போல ஓடும்..."

சீ. இருபத்திரண்டு வருஷமாக இந்த ஆற்றங்கரை விடுதியில் காலைச் சாப்பாடு சமைக்கிறேன்; ஒருநாளும் ஆறு எனக்கு நாடாவாகத் தெரிந்ததில்லை. அடுத்த தொடக்கம்: "ஹம்ஃப்ரி திருடர் அல்ல." அதையும் அடித்துவிட்டேன்.

2

ஹம்ஃப்ரி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்து ஓய்வுபெற்றவர். பத்தொன்பது வருஷமாக மே மாதக் கடைசி வாரம் நாலாம் நம்பர் அறை அவருக்குத்தான். அந்த வாரம்தான் ஆற்றிலிருந்து ஈக்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பும். டிரவுட் மீன்கள் புத்தி கெட்டு வாயைப் பிளக்கும். அறையை ஒருமுறை விட்டால் காத்திருப்போர் பட்டியலின் அடியில் போய் நிற்க வேண்டும். (பட்டியலில் முதல் மூன்று பேர் செத்தே போய்விட்டார்கள். மரியாதைக்காகப் பெயரை எடுக்கவில்லை.)

பாலத்தடியில் ஒரு கிழட்டு டிரவுட், பத்தொன்பது வருஷமும் அவருக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது. (ஒரே மீனா என்று கேட்காதீர்கள். நான் கேட்டேன், மூன்று நாள் என்னோடு பேசவில்லை.) தூண்டில் முள்ளில் இறகைச் சுற்றி ஈ மாதிரியே கட்டி வீசுவது இவர்கள் வழக்கம். கடையில் வாங்கிய இறகு மிதக்கவில்லை, நிறமும் சரியில்லை என்று ஹம்ஃப்ரி புலம்பினார். அவர் கேட்ட தேன் நிற இறகு ஒரே இடத்தில்தான் இருந்தது: விடுதி முதலாளியம்மா டோரின் தூக்கி வளர்த்த பிஷப் என்ற சேவலின் கழுத்தில்.

3

இங்கேதான் பாத்திரம் இடிக்கிறது. பிடித்த மீனிடம் "மன்னிச்சுக்கப்பா" என்று சொல்லித் திரும்ப ஆற்றில் விடுகிற மனுஷன் சேவலிடம் இறகு பிடுங்குவாரா? தனியாக மாட்டார். ஆகவே வேறு யாரோ சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்க, அவர்...

[வேறு யாரோ: உலர்திராட்சை காட்டிச் சேவலை ஏமாற்றத் தெரிந்த ஒரு சமையல் ஆள். இதற்கு மேல் கேட்காதீர்கள்.]

ரெண்டே ரெண்டு போதும் என்றுதான் சொன்னார். ஆறு போனது. அப்புறம் பார்க்க ஒரே சீராக இருக்கட்டுமே என்று மறுபக்கமும் பிடுங்கினோம். பிடுங்கினார்கள்.

4

மறுநாள் பிஷப் மொட்டைக் கழுத்தோடு சாப்பாட்டு அறைக்குள் நடந்து வந்தது. எல்லோரும் தட்டிலிருந்த முட்டையையே பார்த்தார்கள். டோரின் சத்தம் போடவில்லை. யார் செய்திருந்தாலும் இந்த வாசல் அவருக்கு இனிக் கிடையாது என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேநீர் ஊற்றினார். நரியாக இருக்கும் என்றேன்.

"நரி கழுத்தை மட்டும் சவரம் பண்ணிட்டுப் போகுமா, கண்ணு?" என்றார்.

மதியம் ஹம்ஃப்ரி அந்த இறகில் கட்டிய ஈயை வீசினார். கிழட்டு டிரவுட் ஒரே வாயில் கவ்வியது. வலையில் அதைப் பார்த்ததும் மனுஷன் அழுதுவிட்டார். பாலத்தில் நின்ற நானும் அழுதேன். சந்தோஷத்தில் "டோரின், ஓடி வாங்க!" என்று கத்தியும்விட்டேன்.

அறிவு கெட்ட ஜென்மம் நான். பாலத்து மீனைப் பிடித்தவர் பெயர் விடுதிச் சுவரில் ஏறும், வாஸ்தவம்தான். ஆனால் மீன் வலையில் இருக்கும்போதே முதலாளி வந்து பார்க்க வேண்டும். அதைப் பிடித்த ஈயை அவர் கையில் கொடுக்க வேண்டும். பெயருக்குப் பக்கத்தில் குத்தி வைப்பார்.

5

முடிவு அ: ஈயைக் கொடுக்கிறார். சுவரில் பெயர் ஏறும், அறை போகும்.

முடிவு ஆ: டோரின் வருவதற்குள் மீனை நழுவவிட்டுத் தப்பிவிட்டது என்கிறார். அறை தங்கும். மீன் கதையை ஒருத்தரும் நம்ப மாட்டார்கள்.

முடிவு இ: ஈயை விழுங்கிவிடுகிறார். (முள்ளோடா? வேண்டாம், ஆஸ்பத்திரி தூரம்.)

டோரின் பிஷப்பை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆற்றுப் படியில் இறங்குகிறார். முழங்கால் வலி, ஒவ்வொரு படியாகத்தான் வருகிறார். தண்ணீரில் நிற்கும் ஹம்ஃப்ரி என்னை அண்ணாந்து பார்க்கிறார்.

"என்ன பண்ணட்டும்? நீயே சொல்லேன்."

எழுதுவது நான்தான். ஆனால் சேவலைப் பிடித்துக்கொண்டு நின்றதும் நான்தானே, நான் சொன்னால் நியாயமாக இருக்காது. நீங்கள் சொல்லுங்கள். நிதானமாக யோசிக்கச் சொல்லத்தான் ஆசை. வலைக்குள் மீன் வாயைத் திறந்து திறந்து மூடுகிறது.