பனிக்கட்டியில் வைத்த கால்கள்

சுடர்விழியின் கால்கள் குட்டை. ஓடத் தொடங்கிவிட்டால் கண்ணுக்குத் தட்டுப்படா. ஜெகதாப்பட்டினத்துக் கடற்கரை மணலில் பையன்களையே திணறடித்த கால்கள் அவை. அறந்தாங்கியில் தனியார் கால்பந்துக் கழகம் ஒன்று ஆள் எடுக்கிறது, தேர்வானால் விடுதியும் கல்லூரிப் படிப்பும் இலவசம் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவள் தந்தை இன்னாசிக்கு இருப்புக்கொள்ளவில்லை. இதை விட்டால் மகளுக்கு இறால் உரிக்கும் வேலைதான்.

இன்னாசி ஐஸ் கம்பெனியில் கட்டி உடைப்பவன். தேர்வன்று ஒரு மீன்பெட்டி நிறைய ஐஸைப் பேருந்தில் ஏற்றிக் கொண்டுவந்து, மைதானத்துப் புளியமரத்தடியில் மகளின் கால்களை அதற்குள் புதைத்தான்.

“வெறைக்குதுப்பா.”

“வெறைக்கட்டும் ஆத்தா, அப்பத்தான் வலு ஏறும். பெரிய பெரிய ஆட்டக்காரங்க ஐஸ் தொட்டியில உக்காந்திருந்ததச் செல்லுல பாத்தேன்ல?”

பயிற்சியாளர் ஆத்மநாதன் எல்லார் முன்னிலையிலும் அவள் தொடையை நாடாவால் அளந்தார். “கால் எங்கம்மா? வந்த பஸ்ஸுலயே விட்டுட்டு வந்துட்டியா?”

எம்பும் உயரத்தில் கால்வலு தெரியும். கால்வலுவில் ஓட்டம் தெரியும்: அதுவே அவருடைய சூத்திரம். எட்டிய உயரம் பதிவதற்காகச் சுண்ணாம்பு தடவிய விரலால் சுவரைத் தொட எம்பினாள் சுடர்விழி. கால்கள் மரக்கட்டையாய்க் கிடந்தன. முழங்கால் மடிந்து விழுந்தாள்.

ஆத்மநாதன் அவள் கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்தார். “என்னய்யா இது, பொணம் மாதிரி ஜில்லுன்னு இருக்கு?”

இன்னாசி பெருமையோடு பெட்டியைக் காட்டினான். மைதானமே சிரித்தது.

“அது ஆடி முடிச்சப்பறம் உக்கார்றதுய்யா! குளுந்த சதை எம்பாது. கெடாம வைக்க இதென்ன சீலா மீனா?”

“தெரியாமச் செஞ்சுட்டேங்க. செத்த நேரம் வெயில்ல நிக்கட்டும், மறுக்கா ஒரு தடவ…”

“ஒருத்தருக்கு ஒரு தடவதான்.”

காரணம் அறிந்தவர், அறிந்தே மறுத்தார்.

நண்பகலில், தேர்வானவர்களின் பயிற்சி ஆட்டத்துக்கு எதிரணியில் ஓர் ஆள் குறைந்தது. “ஏ குட்டக்காலு, வந்து நில்லு!” என்று ஒரு ஜெர்சியை வீசினார் ஆத்மநாதன். அதற்குள் வெயில் கால்களை மீட்டிருந்தது. தேர்வான அத்தனை பேரையும் பின்னால் விட்டு, பந்தோடு பறந்தாள் அவள். மரத்தடியில் இன்னாசி எழுந்து நின்றான். இனிக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்வார்!

விசில் ஊதிய ஆத்மநாதன், தாம் தேர்ந்தெடுத்த பெண்களிடம் சொன்னார்: “பாத்தீங்கள்ல? ஓடுனா இப்படி ஓடணும்.” பிறகு சுடர்விழியின் பக்கம் திரும்பினார். “ஜெர்சியக் கழட்டி வச்சிட்டுக் கெளம்பும்மா. அது கழகத்துது.”

புளியமரத்தடியில், உருகிய நீரைக் கொட்டிய இன்னாசி, பெட்டியையும் வேலிக்கு அங்கிட்டு வீசப்போனான். அவன் முகத்தைப் பாராமலே அவள் சொன்னாள்:

“பெட்டிய எறியாதப்பா. நாளைக்கு எறால் உரிக்கப் போகையில வேணும்.”