சத்தம் வெளியே போகாத அறை

கிருஷ்ணம்மா இலங்கையின் மாத்தளை நகரத்துத் தொடர்மாடியின் நாலாம் மாடியில் குடியிருந்தாள். பகலில் பள்ளிக்கூடத்தில் சங்கீத டீச்சர். மாலையில் வீட்டில் மிருதங்க சாதகம். 2008இல் வானொலிக் கலைஞர் தேர்வுக்கு அவளுக்கு அழைப்பு வந்தது. அன்றிலிருந்து சாதகம் கூடியது. அதோடு தொல்லையும் கூடியது.

கீழ்வீட்டு மஸூதா ஒரு நாள் மூச்சிரைக்கப் படியேறி வந்தாள்.

"கோவிச்சுக்க வாணாம் கிருஷ்ணம்மா. ஒங்கட கை நல்ல கைதான். ஆனா ஒவ்வொரு அடியும் எங்கட முகட்டுல வந்து வுழுது. அவருக்கு நெஞ்சு படபடண்டு அடிக்குது."

மஸூதாவின் கணவர் பதுர்தீன் மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பியிருந்தார்.

"மன்னிச்சிக்குங்க ராத்தா. இனிமே மெதுவா வாசிக்கிறேன்."

ஆனால் மிருதங்கத்தை எவ்வளவு மெதுவாக வாசித்துவிட முடியும்? அந்த வாரமே குடியிருப்புச் சங்கத்துக்காரர் ஒருவர் அவள் கணவன் செல்லச்சாமியைப் படிக்கட்டில் மறித்தார். சத்தத்தை நிறுத்துங்கள், இல்லையென்றால் வேறு வீடு பாருங்கள் என்றார். எங்காவது குண்டு வெடித்தால் மாத்தளையில் தமிழருக்கு வீடு தருபவர்களின் முகம் மாறிவிடும் போர்க்காலம் அது. வேறு வீட்டுக்கு எங்கே போவது?

செல்லச்சாமி மிளகு ஸ்டோரில் வேலை செய்பவன். "சாமான் ரூம அடைச்சுத் தாறேன். நீ உள்ள இருந்து இஷ்டத்துக்கு அடி" என்றான்.

முதலில் சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டினான். "இன்னம் கேக்குது தம்பி" என்றாள் மஸூதா. சத்தம் தரை வழியாகத்தான் இறங்குகிறது என்று அப்புறம்தான் அவனுக்குப் பிடிபட்டது. பழைய டயர்களைத் துண்டு போட்டுப் பரப்பி, அதன்மேல் பலகை அடித்தான். ஸ்டோரில் கழித்த சாக்குகளில் மரத்தூளை நிரப்பிச் சுவரோடு அடுக்கினான். சின்ன ஜன்னலையும் மூடினான். கதவின் உள்பக்கம் தும்பு மெத்தையை அறைந்து, ஓரமெல்லாம் ரப்பர் வைத்து இறுக்கினான்.

மஸூதா மறுபடி மேலே வந்தாள். "ஏன் புள்ள, இண்டைக்கு வாசிக்க இல்லயா?"

அப்போதுதான் ஒரு வர்ணம் முழுவதற்கும் வாசித்துவிட்டு வேர்த்து வெளியே வந்திருந்தாள் கிருஷ்ணம்மா. மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செல்லச்சாமிக்குப் பெருமை தாங்கவில்லை.

உள்ளே இருப்பது எப்படி இருக்கிறது என்பதை அவள் அவனிடம் சொல்லவில்லை. காற்றில்லை. சாக்குகளின் மிளகு நெடி தொண்டையில் காந்தியது. அவள் அடித்த ஒவ்வொரு மிருதங்கச் சொல்லும் பிறந்த இடத்திலேயே செத்தது. கையைத் தூக்குமுன்னே யாரோ வாயைப் பொத்திவிடுவதுபோல. வெளியில் மழை பெய்தாலும் தெரியாது, கதவைத் தட்டினாலும் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்லச்சாமி மிளகு வாங்க யட்டவத்தைக்குப் போயிருந்தான். அவள் வாசல் கதவைப் பூட்டிவிட்டு அறைக்குள் போய் உட்கார்ந்தாள். வாசித்து முடித்து எழுந்து பிடியை இழுத்தபோது, பிடி கையோடு வந்துவிட்டது. அதன் கம்பி மறுபக்கம் நழுவி விழுந்தது. உள்பக்கம் திறக்கிற கதவு. இழுப்பதற்கு இனி எதுவும் இல்லை.

நகத்தால் ரப்பரைப் பிய்த்தாள். கத்தினாள். குதிகாலால் தரையை உதைத்தாள். சாக்குகளும் டயர்களும் எல்லாவற்றையும் விழுங்கின. அவன் செய்த வேலையில் ஒரு குறையும் இல்லை. கடைசியில் மிருதங்கத்தை மடியில் போட்டு, யாருக்காவது கேட்காதா என்று உள்ளங்கை எரிய எரிய அடித்தாள். அதுவும் முடியாமல் போனபோது மூச்சைச் சேமிக்கவேண்டும் என்று தோன்றி, தரையில் படுத்துவிட்டாள்.

எவ்வளவு நேரம் போனதோ, பலகை அதிர்ந்தது. கதவு ஆடியது.

"வந்துட்டீங்களா!" என்று எழுந்தாள்.

கதவு உள்ளே சாய்ந்தது. வெளிச்சத்தோடு ஒரு துப்பாக்கி முனையும் வந்தது.

அன்று காலை இராணுவம் தொடர்மாடியைச் சுற்றிவளைத்திருந்தது. எல்லோரும் முற்றத்துக்கு வரவேண்டும் என்று ஒலிபெருக்கியில் பலமுறை அறிவித்திருக்கிறார்கள். ஆள் வராத வீட்டைப் பூட்டு உடைத்துத் திறந்தால், உள்ளே பிடியில்லாத ஒரு கதவு.

"இங்கே யாரை ஒளித்து வைத்திருந்தீர்கள்?" அதிகாரி சிங்களத்தில் கேட்டார்.

அவளும் சிங்களத்தில் பதில் சொன்னாள். "யாருமில்லை சேர். மிருதங்கம் வாசிக்கிற அறை."

"மேளம் தட்டுவதற்கு இத்தனை மூட்டையா?"

ஒரு சிப்பாய் சாக்குகளைக் குத்திக் கிழித்தான். மரத்தூள் குவிந்தது. இன்னொருவன் மிருதங்கத்தைத் தூக்கிக் குலுக்கிவிட்டு, கத்தியைத் தோலில் வைத்தான். "வேண்டாம், வாசித்துக் காட்டுகிறேன்" என்று வாங்கி உட்கார்ந்தாள். ஆதி தாளம் இரண்டு இடத்தில் தவறியது.

"போதும். நீ வாசிப்பாய், சரி" என்றார் அதிகாரி. "ஆனால் வாசலில் நின்ற எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. இந்த அறையில் வேறு எது நடந்தாலும் கேட்காது."

முற்றத்தில் இருந்த மஸூதா, காவலுக்கு நின்றவனிடம் மன்றாடி மேலே வந்துவிட்டாள். "இது என் கணவருக்காகக் கட்டின அறை சேர். அவர் நெஞ்சு நோயாளி. நான்தான் சத்தம் கூடாது என்று கேட்டேன்" என்று சிங்களத்தில் திரும்பத் திரும்பச் சொன்னாள். அதனால் கிருஷ்ணம்மாவை விட்டார்கள். அவளுடைய அடையாள அட்டையை எடுத்துக்கொண்டார்கள். மத்தியானம் பஸ்ஸைவிட்டு இறங்கி வந்த செல்லச்சாமியை விசாரணைக்கென்று பொலிஸுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஒவ்வொரு நாளும் மஸூதா சோற்றுப் பார்சலோடு அவளைப் பொலிஸுக்குக் கூட்டிப்போனாள். பார்சல் உள்ளே போனது. அவன் வெளியே வரவில்லை. வானொலித் தேர்வு நாள் அவர்கள் அங்கே மர வாங்கில் உட்கார்ந்திருந்தபோதே கழிந்தது. அட்டையில்லாமல் தேர்வு நடந்த கொழும்புக்குப் போகும் வழியும் இல்லை.

ஒருநாள், அறையைக் கழற்றிவிட வேண்டும் என்ற உத்தரவோடு அவனை விட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் பலகைகளைப் பெயர்க்கத் தொடங்கினான்.

"ஒனக்குன்னுதான் புள்ள செஞ்சேன்."

"தெரியுமுங்க. மொதல்ல சாப்பிடுங்க."

பொலிஸுக்குள்ளே என்ன நடந்தது என்று அவன் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வீட்டில் எந்தக் கதவைச் சாத்தினாலும் எழுந்துபோய்த் திறந்துவிடுவான். அவளும் மிருதங்கத்தை உறையைவிட்டு எடுக்கவில்லை.

சில மாதம் கழித்து மஸூதா வந்து சொன்னாள்: "அவரு இப்ப பின்னேரம் அஸர் தொழப் பள்ளிக்கு நடந்து போறாரு, அல்ஹம்துலில்லாஹ். அந்த நேரத்துல நீங்க நல்லா அடிச்சு வாசிங்க. நான்தான் கேட்டிட்டு இரிப்பேன்."

மறுநாள் கிருஷ்ணம்மா வாசித்தாள். மஸூதா படியேறி வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏன் புள்ள இவ்வளவு மெதுவா? கீழ ஒண்டுமே கேக்கல்லயே. அவரு பள்ளிக்குப் போயிட்டாரு."

"தெரியும் ராத்தா." கிருஷ்ணம்மா தன் வலக்கையைத் திருப்பிப் பார்த்தாள். "இதுக்கு மேல கை விழ மாட்டேங்குது."

மஸூதா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அவள் எதிரில் உட்கார்ந்தாள். கிருஷ்ணம்மா மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.